மூன்று பெல்ட்டில் ஒன்று மட்டும்

காலை ஆறே முக்காலுக்கு போன் அடித்தால் அது ஏதோ ஒரு பட்டறையில் காற்றை அழுத்தி டேங்க்கில் அடைக்கும் கம்ப்ரசர்தான் என்று என் வீட்டம்மாவுக்கே தெரியும். எடுத்துக்கூடப் பார்க்காமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் வந்தது.

"அண்ணா, பெல்ட் கத்துது. ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கத்து கத்திட்டு அடங்கிடுது. பிரஷரும் சீக்கிரம் ஏற மாட்டேங்குது. ராத்திரி ஷிஃப்ட்ல ரெண்டு தடவை மெஷின் அலாரம் அடிச்சு நின்னுடுச்சு."

பேசியது பெங்களூரில் பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் இருக்கும் ஒரு பட்டறையின் சின்ன முதலாளி. சேலத்துக்காரர். அவர் அப்பா காலத்திலிருந்து நான் போய்வந்துகொண்டிருந்த இடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் செலவு குறைக்கிறோம் என்று என்னை நிறுத்திவிட்டு, கம்ப்ரசரையும் எலக்ட்ரீஷியனே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆறே முக்காலுக்கு அதை எடுத்து வைத்துப் பேச முடியுமா?

"தம்பி, போனை அப்படியே கம்ப்ரசர் பக்கத்தில காட்டுங்க. அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகட்டும்" என்றேன்.

காட்டினார். மோட்டார் மெதுவாகக் கிளம்பும் ஸ்டார் இணைப்பில் ஒரு முனகல், முழு ஓட்டத்துக்கான டெல்டாவுக்கு மாறும் நொடியில் ஒரு அலறல், அப்புறம் சாதாரண ஓட்டம். போனிலேயே பாதி தெரிந்துவிட்டது. முப்பது வருடமாகக் கேட்கும் சத்தம். ஸ்டார்ட்டிங்கில் மட்டும் அலறினால் பெல்ட் சறுக்குகிறது. அணில் மாதிரி விடாமல் கிச் கிச் என்றால் பெல்ட் ஓடுகிற சக்கரம், அதாவது புல்லி, இரண்டும் ஒரே நேரில் இல்லை. பெல்ட்டை மூடியிருக்கும் கார்டு வலையில் பட்டுப் பட்டென்று அடித்தால் பெல்ட் நன்றாகத் தொய்ந்துவிட்டது. அடியிலிருந்து உறுமினால் பெல்ட்டை விட்டுவிட்டு பேரிங்கைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, என் மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது.

மேஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1995-ல் ஐ.டி.ஐ. ஃபிட்டர் சர்டிஃபிகேட்டோடு ஜோலார்பேட்டையில் ரயிலேறி வந்தவன் நான். பீன்யாவில் என்னைச் சேர்த்துக்கொண்டவர் கே.ஜி.எஃப். தமிழர். தங்கச் சுரங்கத்தில் கம்ப்ரசர் ஹவுஸில் வேலை பார்த்தவர். சுரங்கத்துக்குள்ளே பாறையைத் துளைக்கிற டிரில் எல்லாம் காற்றில்தான் ஓடும். மேலே கம்ப்ரசர் நின்றால் கீழே வேலை நின்றது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் போன ஊர் என்று அடிக்கடி பெருமையாகச் சொல்லுவார். சுரங்கத்தை 2001-ல் மூடினார்கள். அதற்குப் பல வருடம் முன்பே, இது இனி தேறாது என்று கிளம்பி வந்துவிட்டார். வாரம் முழுக்க ஸ்ரீராமபுரத்தில் அறை, சனிக்கிழமை சாயங்காலம் மாரிக்குப்பம் ரயில்.

அவருக்கு வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. மெஷின் ஓடும்போது கையை விட்டிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. கரண்ட்டே இல்லாதபோது போன விரல் அது. பெல்ட்டை புல்லி விளிம்பில் ஏற்றி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சுத்துடா" என்றிருக்கிறார். உதவிக்கு நின்ற பையன் ஃப்ளைவீலை, அதாவது கம்ப்ரசர் பக்கத்துப் பெரிய சக்கரத்தை, கையால்தான் சுற்றியிருக்கிறான். பெல்ட் புல்லியின் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், இறங்கும்போது விரலையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. "மெதுவாதான்டா சுத்தினான்" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார்.

சரி, பட்டறைக்கு வருவோம். லக்கெரேயிலிருந்து வண்டியில் பதினைந்து நிமிடம். கூட என் அக்கா மகனும் வந்தான். ஊரில் டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்தவனை மூன்று மாதமாக என்னோடு வைத்திருக்கிறேன். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம்.

கம்ப்ரசர் பதினைந்து ஹெச்.பி., இரண்டு ஸ்டேஜ், கோயம்புத்தூரில் செய்தது. 500 லிட்டர் டேங்க். காற்றின் அழுத்தம் 8 கிலோவுக்கு இறங்கினால் தானாக ஸ்டார்ட் ஆகி 10 கிலோவில் நிற்கும். நான்கு சி.என்.சி. லேத்துக்கும் காற்று இதிலிருந்துதான். மோட்டார் புல்லி 220 மில்லிமீட்டர், ஃப்ளைவீல் 450. மூன்று பி செக்‌ஷன் பெல்ட், பி-90 என்கிற அளவு. மோட்டார் நிமிடத்துக்கு 1460 சுற்று என்றால் ஃப்ளைவீல் கணக்குப்படி 714. எந்த வி-பெல்ட்டும் கொஞ்சம் நழுவும், அது போக 700-க்கு மேல் இருக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் சுற்று எண்ணும் டேக்கோமீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். டேங்க் காலியாக இருந்தபோது 690. 8 கிலோவைத் தாண்டியதும் 600-க்கு இறங்கிவிட்டது. மோட்டார் உழைக்கிறது, பாதி வழியில் பெல்ட் அதைச் சூடாக்கி வீணடிக்கிறது. கார்டு வலைக்குப் பக்கத்தில் நின்றாலே ரப்பர் தீயும் வாடை.

நிறுத்தினோம். இந்த இடத்தில் நான் ரொம்பக் கறார். பிரஷர் சுவிட்ச் வைத்த கம்ப்ரசர் நின்றுகொண்டிருந்தால் அது தூங்குகிறது என்று பொருள், செத்துவிட்டது என்று பொருள் இல்லை. யாராவது ஒருவன் அந்தக் கோடியில் ஏர் கன்னை அழுத்தினால் போதும், 8 கிலோவுக்குக் கீழே போனதும் யாரையும் கேட்காமல் சுற்ற ஆரம்பிக்கும். பச்சை பட்டன், சிவப்பு பட்டன் எதையும் நம்பாதே என்று பையனிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறேன். கரண்ட்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை இறக்கி, மூன்று ஃப்யூஸ் கேரியரையும் கழற்றி என் சட்டைப் பையில் போட்டு, அது கனப்பது தெரிந்த பிறகுதான் கார்டு போல்ட்டில் ஸ்பேனர் வைப்பேன். ஃப்யூஸ் இல்லாத புது போர்டு என்றால் பூட்டுப் போட்டு சாவியை அதே பையில் வைத்துக்கொள்வேன். பிறகு டேங்க்கில் இருக்கிற காற்றையும் விட்டுவிட வேண்டும். சிலிண்டருக்குள் மிச்சம் இருக்கும் காற்று, பெல்ட்டைக் கழற்றிய கணத்தில் ஃப்ளைவீலை அரைச் சுற்று உதைத்துத் தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன்.

கார்டு பற்றி ஒரு கிளைக்கதை. சில வருடத்துக்கு முன் வேறொரு பட்டறையில் ஆயுத பூஜைக்கு மெஷின் எல்லாம் கழுவித் துடைத்தார்கள். கம்ப்ரசர் கார்டையும் கழற்றித் துடைத்துப் பெயின்ட் அடித்துக் காயவைத்தார்கள். ஃப்ளைவீலுக்குச் சந்தனம், குங்குமம், நாலு முழம் செண்டுமல்லி மாலை. பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தபோது பிரஷர் இறங்கியது. அப்புறம் என்ன, மாலை ஒரு சுற்று சுற்றி சூறைக்காற்று மாதிரி பூவாகவே கொட்டியது. நல்ல வேளையாகப் பக்கத்தில் யாரும் இல்லை. மறுநாள் நான் போனபோது காடி முழுக்கச் செண்டுமல்லிச் சக்கை. பெல்ட் சறுக்கி, அதன் மேல் சந்தனம் கருகி, ஒரு தினுசான வாசனை. அதிலிருந்து நான் சர்வீஸ் பார்க்கும் இடங்களில் மாலையை டேங்க்குக்குத்தான் போடச் சொல்கிறேன்.

கார்டைக் கழற்றினோம். உள்ளே தரையில் கண்மை மாதிரி கறுப்புத் தூள், ஒரு கை அள்ளலாம். அத்தனையும் பெல்ட். மூன்றில் நடு பெல்ட் மட்டும் புதுசு; மேலே எழுத்துக்கூட அழியவில்லை. ஆனால் பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி பளபளப்பேறி, விரல் நகத்தால் தட்டினால் டக் டக் என்கிறது. ஓரத்தில் இருந்த இரண்டும் பழசு, தொளதொளவென்று கிடந்தன. மூன்றுக்கும் மேலே பிசுபிசுவென்று ஏதோ ஒரு ஸ்ப்ரே.

"ரெண்டு மாசம் முன்னாடி ஒண்ணு அறுந்துச்சு அண்ணா. அறுந்ததை மட்டும் மாத்தினோம். மத்த ரெண்டும் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் சின்ன முதலாளி.

இதைத்தான் வாரத்துக்கு ஒரு இடத்தில் கேட்கிறேன். பார்க்க நியாயமான பேச்சு. மூன்று டயரில் ஒன்று பஞ்சரானால் மூன்றையுமா மாற்றுவோம்? ஆனால் பெல்ட் டயர் இல்லை. ஓடின பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும், கொஞ்சம் தேய்ந்து காடிக்குள் இறங்கியிருக்கும். புதுசு நீளம் குறைவு. மூன்றையும் ஒரே மோட்டார் இழுத்துப் பிடிக்கும்போது குட்டையான புதுசு மட்டும்தான் விறைக்கும். எங்கள் ஊர்த் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்களைப் பார்த்தால் இது புரியும். வரிசையில் ஒருவன் மட்டும் நெட்டையாக இருந்தால் மொத்தப் பாரமும் அவன் தோளில். மற்றவன் எல்லாம் கையை மேலே வைத்துக்கொண்டு கூட நடக்கிறான். நடு பெல்ட் இரண்டு மாதமாக மூன்று பேர் வேலையைத் தனியாகச் செய்து வெந்துபோயிருக்கிறது.

ஸ்ப்ரே பற்றிக் கேட்டேன். சத்தம் வந்தபோது எலக்ட்ரீஷியன் அடித்தாராம். வயிற்றுவலிக்குத் தலையில் தைலம் தேய்ப்பது மாதிரி. இரண்டு நாள் சத்தம் அடங்கும், அப்புறம் அந்தப் பிசினில் தூசி ஒட்டி, காடியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்க்கும். தட்டைப் பெல்ட் காலத்தில் குங்கிலியம், மெழுகு எல்லாம் தடவினார்கள், அது வேறு. வி-பெல்ட்டுக்கு எதுவும் தடவக் கூடாது, எண்ணெய் உட்பட.

"சரி அண்ணா, அப்ப சைடுல இருக்கிற ரெண்டை மட்டும் மாத்திடுங்க. நடுவுல இருக்கிறது புதுசுதானே. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளச் சொல்லி, கன்னடத்தில் சிரித்தார். சேலத்து வீட்டில் பிறந்திருந்தாலும் பெங்களூரில் வளர்ந்த பிள்ளை.

நான் பதில் சொல்லவில்லை. டார்ச்சை வாங்கி மோட்டார் புல்லிக் காடிக்குள் அடித்து, குனிந்து பாருங்கள் என்றேன்.

எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். காடியின் அடித்தளம். வி-பெல்ட் ஒரு ஆப்பு. மரத்தைப் பிளக்க ஆப்பு இறக்கும்போது அதன் இரண்டு கன்னமும் மரத்தை நெருக்குகிறதே ஒழிய, முனை எதையும் தொடுவதில்லை. தொட்டுவிட்டால் ஆப்பு வேலை செய்யாது, மேலே எவ்வளவு அடித்தாலும் கன்னம் பிடிக்காது. பெல்ட்டும் அப்படித்தான். பிடிப்பு முழுக்க இரண்டு பக்கவாட்டில். அடியில் எப்போதும் இடைவெளி இருக்க வேண்டும். அதனால் ஒழுங்கான புல்லியில் காடியின் பக்கச் சுவர் மினுமினுப்பாகவும், அடித்தளம் மங்கலாக, துருவோ பழைய பெயின்டோ ஒட்டிக்கொண்டும் இருக்கும். இங்கே அடித்தளம் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது.

பக்கச் சுவரும் நேராக இல்லை. பர்ஸில் எப்போதும் ஒரு காடி கேஜ் வைத்திருப்பேன், விசிறி மாதிரி விரிகிற பிளாஸ்டிக் தகடு. பெல்ட்டின் ஆப்புக் கோணம் 40 டிகிரி. காடியோ புல்லியின் அளவைப் பொறுத்து 34-லிருந்து 38 வரை. ஏன் இந்த வித்தியாசம் என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஒரு பழைய பெல்ட் துண்டை எடுத்து அவன் கண்ணெதிரே வளைத்துக் காட்டினேன். வளைத்தால் உள்பக்கம் நசுங்கி அகலமாகும், வெளிப்பக்கம் இழுபட்டு ஒடுங்கும், ஆக ஆப்பின் கோணம் குறையும். சின்னப் புல்லியில் அதிகம் வளையும், அதிகம் குறையும், அதனால் காடியும் குறுகல். துண்டை வாங்கி அவனே நாலைந்து தடவை வளைத்துப் பார்த்துக்கொண்டான்.

கேஜை காடிக்குள் வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் சுவர் குழிந்திருந்தால் புல்லியை மாற்றிவிட வேண்டும் என்பது வழக்கம். இங்கே கேஜின் இரண்டு பக்கமும் பிறை நிலா மாதிரி வெளிச்சம் வந்தது. ஃப்ளைவீல் காடிகள் பரவாயில்லை. சின்னப் புல்லிதான் எப்போதும் முதலில் போகும். இரண்டு மடங்கு சுற்றுகிறது, பெல்ட் அதில் ஒட்டும் தூரமும் குறைவு.

"இதுல எத்தனை புது பெல்ட் போட்டாலும் ரெண்டு மாசம்தான் தம்பி. புல்லியும் மாத்தணும், பெல்ட் மூணும் மாத்தணும்" என்றேன்.

"எவ்வளவு ஆகும்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் போனைப் பார்த்தார். உள்ளே லேத் நான்கும் சும்மா நிற்கிறது. "போட்டுடுங்க" என்றார். ராத்திரி இரண்டு அலாரம் அடித்திராவிட்டால் அன்றைக்கு நான் தோற்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பெல்ட் பீன்யாவிலேயே கிடைத்தது, மதுரையில் செய்த பெல்ட். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே செட் என்று பார்த்து எடுத்தேன். அந்தக் காலத்தில் அளவுக்குப் பக்கத்தில் 48, 50, 52 என்று ஒரு எண் இருக்கும். 50 என்றால் அச்சு அளவு, கூடக் குறைய இருந்தால் எண்ணும் ஏறி இறங்கும். மேஸ்திரி கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரே எண்ணாகப் பொறுக்குவார். இப்போது பெரிய கம்பெனிகள் எல்லாப் பெல்ட்டையும் ஒரே அளவில் கொண்டுவருவதால் அந்த வேலை குறைந்திருக்கிறது. கடை வாசல் வெயிலில் ஆணியில் தொங்குகிற பெல்ட்டை மட்டும் விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. ரப்பர் ஓடாமலேயே கிழடாகும்.

புல்லிக்கு எஸ்.ஜே.பி. ரோடு வரை போக வேண்டியிருந்தது. ஷாஃப்ட்டைக் கூம்பு போட்டுக் கவ்வும் டேப்பர் லாக் வைத்த மூன்று காடிப் புல்லி. மெட்ரோவில் போய் மெட்ரோவில் திரும்பினேன். எட்டு கிலோ வார்ப்பிரும்பு பையில் இருந்தால் ஸ்கேனரில் எப்படித் தெரியுமோ, திரும்பும்போது ஸ்டேஷனில் இருந்த செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னார். "கம்ப்ரசர் புல்லி சார்" என்றேன். தொட்டுப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், "இது எதுக்கு?" என்றார் கன்னடத்தில். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பதால் "காத்து அடிக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வருவதற்குள் பையன் பழைய புல்லியைப் புல்லர் போட்டுக் கழற்றி, ஷாஃப்ட்டைத் துடைத்து வைத்திருந்தான். டேப்பர் லாக்கில் கவனிக்க ஒன்றுதான்: கூம்பு இரண்டும் ஒட்டுகிற பரப்பில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, ஸ்குரூ இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மூன்றாவது ஓட்டை எதற்கு என்று பிறகு கழற்றுகிறவனுக்குத் தெரியும்.

அடுத்து பெல்ட் ஏற்றம். பையன் கை தானாக ஸ்குரூ டிரைவருக்குப் போனது. போட்டேன் ஒரு அதட்டல். பெல்ட்டுக்குள் பாலியெஸ்டர் கயிறு ஓடுகிறது, இழுவை முழுக்க அதில்தான். ஸ்குரூ டிரைவர் போட்டு நெம்பினால் வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே ஓரத்துக் கயிறு ஒன்று அறுந்திருக்கும். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் நீண்டு, பெல்ட் காடிக்குள்ளேயே குப்புறப் புரண்டு ஓடும். "புது பெல்ட் டூப்ளிகேட்" என்று கடைக்காரனைத் திட்டுவோம். மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, ரெயிலில் உள்ளே தள்ளி, கையாலேயே பெல்ட்டை வைக்க வேண்டும். கையால் என்றால் உள்ளங்கையால். விரல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் போகவே கூடாது. மேஸ்திரியின் விரலைப் பையன் பார்த்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. கதையை மட்டும் சொன்னேன்.

நேர் பார்க்க நான் இன்னும் நூல்தான் வைத்திருக்கிறேன். லேசர் கருவி நல்ல சாமான், காந்தம் மாதிரி ஒட்டிக்கொண்டு கோடு போட்டுக் காட்டும், ஆனால் நான் வாங்குகிற விலையில் இல்லை. நூல் பிடித்த மாதிரி என்று சொல்கிறோமே, அதேதான். ஃப்ளைவீல் முகத்தில் ஒரு ஓரத்தில் நூலை வைத்து, அதன் மறு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு மோட்டார் புல்லி வரை இழுத்தால், புல்லியின் இரண்டு ஓரத்தையும் அது தொட வேண்டும். மொத்தம் நாலு இடம். புல்லி விளிம்பும் ஃப்ளைவீல் விளிம்பும் ஒரே கனமா என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நூல் பொய் சொல்லும். இங்கே பின் ஓரம் தொட்டது, முன் ஓரத்தில் நாலு மில்லிமீட்டர் இடைவெளி. மோட்டார் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. யாரோ ஒரு பக்கத்து டென்ஷன் போல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டையும் சமமாகக் கொண்டுவர முக்கால் மணி நேரம். இதை விவரித்து எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

டென்ஷன். கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதெல்லாம் எனக்குச் சரி, பையனுக்குச் சரிப்படாது. அவனவன் கட்டை விரல் அவனவனுக்கு. அதனால் மீன் கடையில் வைத்திருக்கிற மாதிரி கொக்கித் தராசு ஒன்றை அவனிடம் கொடுத்தேன். புல்லிக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் பெல்ட் அந்தரத்தில் ஓடுகிற நீளத்தை அளக்க வேண்டும். மீட்டருக்கு 16 மில்லிமீட்டர் கணக்கு. இங்கே 620, ஆக 10 மில்லிமீட்டர். நடு மத்தியில் கொக்கியை மாட்டி, பெல்ட் 10 மில்லிமீட்டர் இறங்க எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி பி பெல்ட்டுக்கு இரண்டிலிருந்து மூன்று கிலோ. புது பெல்ட் முதல் நாளிலேயே கொஞ்சம் தளரும் என்பதால் அதற்கும் கால் பங்கு மேலே வைத்தோம். ஒவ்வொரு தடவை போல்ட்டைத் திருகியதும் ஃப்ளைவீலைக் கையால் நாலு சுற்றுச் சுற்றி, பெல்ட் காடியில் உட்கார்ந்த பிறகுதான் அளவு.

சின்ன முதலாளி வந்து பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் டைட் வைங்கண்ணா, அப்புறம் மறுபடி கத்தப் போகுது."

எல்லோருக்கும் வீணைத் தந்தி மாதிரி வேண்டும். தந்தி மாதிரி வைத்தால் பெல்ட் கத்தாது, உண்மைதான். மூன்று மாதம் கழித்து மோட்டார் பேரிங் கத்தும். முழு லோடில் சறுக்காத அளவுக்கு விறைப்பு போதும், அதற்கு மேல் ஒவ்வொரு திருகலும் பேரிங் மேல்தான் ஏறுகிறது. அவரிடம் இவ்வளவு சொல்லவில்லை. "நாளைக்கு மத்தியானம் வந்து மறுபடி வைப்பேன்" என்றேன்.

கார்டைப் போட்டு, ஃப்யூஸைப் போட்டு, ஒரு நொடி மட்டும் தட்டி நிறுத்தினோம். ஃப்ளைவீலில் அம்புக்குறி இருக்கும், அந்தப் பக்கம்தான் சுற்றுகிறதா என்று பார்க்க. ஃப்ளைவீலின் ஆரங்கள் வெறும் ஆரம் இல்லை, காற்றாடி இறக்கை. நேராகச் சுற்றினால் சிலிண்டர் மேல் காற்றடிக்கும். ஸ்டார்ட்டரில் கை வைத்த யாராவது இரண்டு ஃபேஸை மாற்றிச் சேர்த்துவிட்டால் கம்ப்ரசர் திரும்பிச் சுற்றும், காற்றும் உருவாகும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சிலிண்டர் மட்டும் வெந்துகொண்டிருக்கும். கே.இ.பி., அதாவது கரண்ட் போர்டு, லைனில் வேலை நடந்த மறுநாளும் இதைப் பார்ப்பது என் வழக்கம். 2002-ல் பெஸ்காம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் கே.இ.பி.தான்.

10 கிலோவில் 706 சுற்று. டேங்க் காலியிலிருந்து நிறைய மூன்றரை நிமிடம். காலையில் இதற்கு நாலேகால் நிமிடத்துக்கு மேல் ஆனது. டெல்டாவுக்கு மாறும்போது சத்தமே இல்லை. பையன் கார்டின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரில் தேதி எழுதி வைத்திருந்தான். அதற்கு மேலே என் கையெழுத்தில் பழைய தேதிகள் வரிசையாக இருக்கின்றன. நடுவில் இரண்டு வருடத்துக்கு ஒன்றும் இல்லை. கழற்றிய பெல்ட்டில் இரண்டை வாட்ச்மேன் வண்டியில் சாமான் கட்ட வாங்கிக்கொண்டார். நடு பெல்ட்டை நான் எடுத்து வந்தேன், அடுத்த வாரம் வேறு யாராவது "ஒன்று மட்டும்" என்றால் காட்ட.

மறுநாள் மத்தியானம் ஒரு மணி, சாப்பாட்டு நேரத்தில் போனோம். 24 மணி நேரம் ஓடின பெல்ட்டை இன்னொரு தடவை பார்க்காமல் விட்டால் முதல் நாள் வேலை பாதி வேலைதான். அன்றைக்குப் பையனையே எல்லாம் செய்யச் சொல்லிவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஐசொலேட்டர் இறக்கினான், ஃப்யூஸ் கழற்றினான், பையில் போட்டான், காற்றை விட்டான், கார்டைக் கழற்றினான். நேற்று வைத்த பாரத்துக்கு 10 இறங்கின பெல்ட் இன்றைக்கு 14 இறங்கியது. காடியில் உட்கார்ந்து, கொஞ்சம் நீண்டு. இரண்டு போல்ட்டையும் எண்ணி எண்ணித் திருகி, சுற்றி, அளந்து, மறுபடி 10-க்குக் கொண்டுவந்தான். நூல் பிடித்தான். என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். கார்டைப் போட்டு போல்ட்டை இறுக்கினான். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டான்.

நான் பில் எழுத உள்ளே போனேன். சாப்பாட்டு மணி முடிந்து ஆட்கள் மெஷினுக்கு வந்துவிட்டார்கள். சின்ன முதலாளி ஐசொலேட்டரைத் தூக்கிப் பச்சை பட்டனை அழுத்தினார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினார். "அண்ணா, நேத்து நல்லா ஓடுச்சு, இன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்று குரல் உயர்ந்தது. நான் ஓடிப் போய் ஓவர்லோடைத் தட்டினேன், பிரஷர் சுவிட்ச் மூடியைக் கழற்றினேன். எலக்ட்ரீஷியனும் வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார், அந்தப் பார்வையில் ஒரு சந்தோஷம் இல்லாமல் இல்லை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஸ்விட்ச் போர்டுக்குப் போனேன். ஃப்யூஸ் இருக்க வேண்டிய மூன்று இடமும் ஓட்டை.

பையன் எங்கே என்று பார்த்தால் ரோட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறான். ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் பன். சட்டைப் பை மூன்று ஃப்யூஸ் கேரியரின் கனத்தில் தொப்பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான்.

டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.